இடி விழும் மலையில் யார் பிழைக்கிறார்கள்: எல்கடுவ தோட்டங்களின் வழியே ஒரு வரலாறு

மாத்தளை நகரத்துக்குத் தென்கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இருக்கிறது எல்கடுவ. ஹுன்னஸ் நீர்வீழ்ச்சிக்காகச் சுற்றுலாப் பயணிகள் அறிந்த ஊர். தேயிலையும் மிளகும் கராம்பும் விளையும் மலைக்காடு என்று அங்கே உழைப்பவர்கள் அறிந்த ஊர். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் இந்தச் சரிவில் வானம் நடந்துகொள்ளும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில் மேற்காற்றோ கீழ்க்காற்றோ வலுவாக வீசுவதில்லை. அதனால் கரையோரங்களிலிருந்து உள்ளே வரும் ஈரக் கடற்காற்று மலையில் மோதி நேராக மேலே ஏறுகிறது. மதியம் தாண்டியதும் கருமேகம் திரள்கிறது. இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் மின்னத் தொடங்குகிறது. இதை வானிலையின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். அப்படி முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மின்னல் எங்கே விழும் என்பதை மேகமும் மலையும் முடிவு செய்கின்றன. விழுந்த மின்னலில் யார் சாவார், யார் எழுந்து நடப்பார் என்பதை முடிவு செய்பவை வேறு மூன்று: குடியிருக்கும் வீடு, வேலை நடக்கும் நேரம், விழுந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்த கைவைத்தியம். எல்கடுவ போன்ற மலைகளில் இந்த மூன்றையும் அமைத்தது இயற்கை அல்ல, பெருந்தோட்ட வரலாறு.

முதலில் மின்னல் ஒருவரை எப்படி அடைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மின்னலடியின் உச்ச மின்னோட்டம் சாதாரணமாக 30,000 அம்பியர் அளவில் இருக்கும். அது பாயும் பாதையின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு. இதைக் கேட்டதும், பட்டவர் யாரும் பிழைக்க வழியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் வானத்திலிருந்து நேரே தலையில் இறங்கும் அடியால் சாகிறவர்கள், மின்னலால் சாகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்று இத்துறை மருத்துவர்களும் வானிலையாளர்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப்பேரைக் கொல்வது நிலத்தின் வழியே பரவி ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும் மின்னோட்டம். மூன்றில் ஒரு பங்கினரைக் கொல்வது மரத்திலோ கம்பத்திலோ விழுந்து அங்கிருந்து பக்கத்தில் நிற்பவர் மீது தாவும் அடி. மீதி மரணங்களுக்கு, மின்னல் பட்ட பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பதும், நிலத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் மின்பொறி உடலைக் கடந்து போவதும் காரணம். மேலும், மின்னோட்டம் உடலில் தங்கும் நேரம் விநாடியில் மிகச் சிறிய துளி. அதன் பெரும்பகுதி தோலின் மேற்பரப்பிலேயே ஓடிவிடுகிறது. அதனால்தான் பட்டவர்களில் பெரும்பாலோர் சாவதில்லை. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்து ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் காவலர் ரோய் சலிவன் 1942க்கும் 1977க்கும் இடையில் ஏழு தடவை மின்னல் பட்டும் பிழைத்தார். உலகம் அவரை அதிசய மனிதராகப் பேசியது. அவர் கதையில் கவனிக்க வேண்டியது அதிசயம் அல்ல, அவருடைய தொழில். மலைக்காட்டில் திறந்தவெளியில் நாள் முழுவதும் வேலை செய்த ஒருவரைத்தான் மின்னல் அத்தனை தடவை அடைந்தது.

இடி விழுவதும் அதில் சாவதும் விதி என்றால், காலம் மாறினாலும் சாவு விகிதம் மாறக்கூடாது. மாறியிருக்கிறது என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் நீண்ட பதிவேடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பத்து லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஆறு பேர் ஆண்டுதோறும் மின்னலால் இறந்தார்கள். 1943இல் மட்டும் 432 பேர். இன்று மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகிய பின்னும் ஆண்டுக்குச் சராசரியாக இருபது பேர் அளவில்தான் இறக்கிறார்கள். வானத்தில் மின்னல் குறைந்துவிடவில்லை. வயலில் வேலை செய்தவர்கள் நகரத்துத் தொழிலுக்குப் போனார்கள். வீடுகளுக்குள் ஓடிய மின்கம்பியும் இரும்புக் குழாயும், விழுந்த மின்னலை மனிதரைத் தொடாமல் நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மூடிய வாகனங்கள் பெருகின, மருத்துவம் முன்னேறியது. மாறியவை வீடும் வேலையும் மருத்துவமும். இவை மாறாத இடங்களில் சாவும் மாறவில்லை. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்குப் பதிவு செய்த மின்னல் மரணங்கள் 2,887. அவர்களில் பெரும்பாலோர் வயலில் இருந்தவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள், மாடு மேய்த்தவர்கள். அமெரிக்காவின் நூறாண்டு முந்தைய நிலைமையில் இன்னும் வாழ்பவர்கள் அவர்கள். மலைநாட்டுத் தோட்டத்தையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

எல்கடுவச் சரிவுக்குத் தமிழர்கள் வந்த வழி, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்த பழைய வடக்குப் பாதை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இன்றும் அந்த நடைப்பயணத்தின் நினைவோடு நிற்கிறது. ஆரம்பத்தில் அவர்களை அழைத்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிப்பு ஆண்டின் இறுதி மாதங்களில் உச்சத்தில் இருக்கும். பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆகவே ஆண்டின் இரண்டு இடிப்பருவங்களில் ஒக்டோபர், நவம்பர் பருவத்தில் மட்டுமே அவர்களில் பெரும்பாலோர் மலையில் இருந்திருப்பார்கள். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி படிப்படியாக அழிந்தது. நோய் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோது நாட்காட்டியும் மாறியது. தேயிலைக்கு ஓய்வு மாதம் கிடையாது. ஒரு மலையில் பறித்த கொழுந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறுபடி பறிப்புக்கு நிற்கும். அதனால் தொழிலாளி குடும்பத்தோடு மலையிலேயே நிலைத்தார். ஏப்ரல் மாத இடியும் அவர் வாழ்வோடு சேர்ந்தது. இதில் இன்னும் கடுமையான ஒரு பொருத்தம் இருக்கிறது. வறட்சிக்குப் பின் செடியைத் துளிர்க்க வைப்பதே அந்த இடைப்பருவ மழைதான். இலங்கையில் தேயிலை விளைச்சல் ஏறும் காலங்களில் முதன்மையானது ஏப்ரல், மே. எந்த மேகம் கொழுந்தைக் கொடுக்கிறதோ அதே மேகம்தான் மின்னலையும் கொண்டுவருகிறது. ஆகவே இடி அதிகமாக விழும் வாரங்களில்தான் மலையில் ஆட்கள் அதிகமாகத் தேவைப்படுகிறார்கள். காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு மலையேற்றம், மாலை நிறுவை என்று ஒழுங்குபட்ட வேலைநாள், மின்னத் தொடங்கும் பிற்பகலை முழுவதுமாக உள்ளடக்கியே அமைந்தது. அந்த நேரத்தில் நிரையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுப்பளவு செடிகளுக்கு நடுவே அவர்களைவிட உயரமாக நிற்பவை நிழல் மரங்கள் மட்டுமே. மழைக்கு அவற்றின் அடியில் ஒதுங்குவதுதான் பக்கவாட்டு அடிக்கும் நிலத்து மின்னோட்டத்துக்கும் உடலைக் காட்டும் வழி.

வீட்டின் வரலாறும் இதே திசையில்தான் போகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாக அடுக்கி, மேலே தகரம் போட்ட லயங்கள், கூலியை இரவில் தங்க வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் உள்ளே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்த இடங்களிலும் முறையான எர்த் இணைப்போடு வந்தது என்று சொல்ல முடியாது. தகரக் கூரை மின்னலை இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உலோகம் என்பதற்காக மின்னல் ஓரிடத்தைத் தேடி வருவதில்லை. உயரமும் தனிமையும்தான் அதைக் கவர்கின்றன. தகரத்தின் ஆபத்து வேறு. நிலத்தோடு இணைக்கப்படாத கூரையில் விழுந்த மின்னலுக்கு இறங்க வழியில்லை. அது சுவரின் ஈரத்தையோ கீழே நிற்பவரையோ வழியாக்கிக்கொள்கிறது. அதே தகரத்தை மூலைகளில் தடித்த கம்பியால் நிலத்தோடு இணைத்துவிட்டால், அது காக்கும் கூரையாக மாறத் தொடங்குகிறது. இந்த அறிவு புதிதல்ல. பெஞ்சமின் பிராங்க்ளின் 1752ஆம் ஆண்டளவில் இடிதாங்கியை முன்வைத்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் கோபுரங்களும் வெடிமருந்துக் கிடங்குகளும் போர்க்கப்பல்களும் அதைப் பெற்றன. இலங்கையிலேயே இந்த அக்கறைக்கு மிகப் பழைய தடம் ஒன்று உண்டு. மூன்றாம் நூற்றாண்டு மன்னன் சங்கதிஸ்ஸ, அநுராதபுரத்து ருவன்வெலி தாதுகோபத்தின் உச்சியில் வஜிர வளையம் ஒன்றைப் பொருத்தியதாக மகாவம்சம் பதிவு செய்கிறது. இடியிலிருந்து காக்கவே அது வைக்கப்பட்டது என்று பின்வந்தவர்கள் விளக்கினார்கள். அந்த வளையம் உண்மையில் காப்பாற்றியிருக்காது. ஆனால் எதைக் காக்க வேண்டும் என்று ஒரு சமூகம் நினைத்தது என்பதை அது காட்டுகிறது. புனிதத் தலத்துக்கும் கப்பலுக்கும் வெடிமருந்துக்கும் காவல் வந்த உலகத்தில், கூலியின் கூரைக்கு மட்டும் அது வரவில்லை. அறிவு இல்லாமல் நேர்ந்த விடுபடல் இல்லை இது.

இதற்கு முதல் மறுப்பு தோட்டக் கணக்கிலிருந்து வரும். மேகம் கறுக்கும்போதெல்லாம் ஆட்களை இறக்கினால் கொழுந்து முற்றிவிடும், ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலைக்கு இலை போகாது, சம்பளம் கொடுப்பது எப்படி என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தோட்டம் நின்றால் தொழிலாளிக்கும் அடுப்பு எரியாது. ஆனால் இன்றைய ஏற்பாட்டில் இடியின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிர்ணயித்த கிலோ வராவிட்டால், அல்லது நேரத்துக்கு முன் இறங்கிவிட்டால், அரைப்பேர். இரண்டு மணிக்கு இடி கேட்கிறது. மலையை விட்டு இறங்கும் பெண்ணுக்கு அரை நாள் கூலி போகிறது. இறங்காதவருக்கு உயிர் போகலாம். இந்தத் தெரிவை ஒவ்வொரு பிற்பகலும் அவர் தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் முறையின் கொடுமை. தீர்வு வேலையை நிறுத்துவதில் இல்லை, நேரத்தை நகர்த்துவதில் இருக்கிறது. இடிப்பருவம் ஆண்டில் நான்கு மாதங்கள்தான். அதிலும் ஆபத்தான நேரம் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். அந்த மாதங்களில் பெரட்டை முன்கூட்டி வைத்து, பெரிய நிறுவையை மதியத்துக்கு முன் முடித்து, இடிக்காக இறங்கிய நேரத்துக்குப் பேர் வெட்டுவதில்லை என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், இழப்பு ஒரு தொழிலாளியின் அரைப்பேராக இருக்காது. நிறுவனமும் சந்தையும் பகிர்ந்துகொள்ளும் சிறு செலவாகிவிடும். இடிமுழக்கம் ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி எடுக்கும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவு என்றால் இடிமேகம் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது; இறங்க வேண்டும். கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணிநேரம் கழித்து ஏறலாம். வேலையை மேற்பார்க்கும் கங்காணி வாயால் எண்ணக்கூடிய விதி இது. கருவி எதுவும் வேண்டாம்; எண்ணியதும் ஆட்களை இறக்கும் அதிகாரம் மட்டும் அவருக்கு வேண்டும்.

இரண்டாவது மறுப்பு மக்களின் மனத்திலிருந்து வருவது. இடி கடவுள் விட்ட கணை, பட்டவர் விதி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முழங்கும்போது அர்ச்சுனன் பேரைச் சொல்லும் வழக்கம் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. நடுங்கும் பிள்ளைக்குத் தைரியம் சொல்ல ஒரு பெயர் வேண்டும். அந்த வழக்கத்தால் ஒருவருக்கும் கேடில்லை. கேடு வேறு இரண்டு நம்பிக்கைகளில் இருக்கிறது. மின்னல் பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் நமக்கும் பாயும் என்பது ஒன்று. மூச்சில்லாமல் கிடப்பவர் செத்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டுவது மற்றொன்று. இந்தியாவின் சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பகுதிகளில் பட்டவரைச் சாணத்தில் புதைத்துவைத்துக் காத்திருந்த செய்திகள் வந்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பில் போன நிமிடங்கள்தான் அவரைக் கொன்றிருக்கும். மின்னோட்டம் உடலில் தங்குவதில்லை, உடனே தொடலாம். மின்னல் பட்டவர் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் சாகிறார். முதலில் இதயம் நின்றுபோகிறது. ஆனால் இதயத்துக்குத் தானாகத் துடிக்கும் ஆற்றல் உண்டு. பல வேளைகளில் அது மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். மூளையில் மூச்சை நடத்தும் பகுதியோ அதிக நேரம் செயலிழந்து கிடக்கும். மூச்சு வராததால், மீண்டும் ஓடத் தொடங்கிய இதயம் இரண்டாம் முறை நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒருவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த உயிர் திரும்ப வாய்ப்பு உண்டு. அதனால்தான் பலர் ஒன்றாக அடிபட்ட இடத்தில், முனகுகிறவரை விட்டு அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போ என்று மருத்துவம் சொல்கிறது. மற்ற விபத்துகளின் விதிக்கு இது நேர்எதிர்.

இந்த மருத்துவ அறிவு பிறந்த கதையே என் வாதத்துக்குச் சான்று. மின்கம்பத்தில் ஏறி அதிர்ச்சியில் இறந்த தொழிலாளர்களைக் காப்பது எப்படி என்று ஆராயும்படி மின்துறை கேட்டதால்தான், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் வில்லியம் கூவன்ஹோவன் 1920களின் இறுதியில் இந்த ஆய்வில் இறங்கினார். அந்த வழியில் நடந்து, மார்பைக் கையால் அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை 1960இல் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தின் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டவுசிக், மின்னலால் செத்ததாகத் தோன்றுபவர் மீண்டும் வாழலாம் என்ற செய்தியை 1968இல் மருத்துவ உலகத்தின் முன் வைத்தார். ஒரு தொழிலாளியின் மரணம் செலவாகக் கணக்கிடப்பட்டபோது, அதைத் தடுக்கும் அறிவு உண்டாயிற்று. இலங்கைத் தோட்டங்களிலும் மருத்துவத்துக்கான சட்டம் இல்லாமல் இல்லை. 1872இலேயே மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. அதன் கீழ் வளர்ந்த தோட்ட டிஸ்பென்சரி, காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுக்கவும் பேறு பார்க்கவும் அமைந்தது. நான்கு நிமிடத்தில் மூச்சு கொடுக்க வேண்டிய நோயாளிக்கு, மலையடியில் இருக்கும் எந்த மருந்தகமும் தூரம்தான். 2016இல் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பெரிய முன்னேற்றம். ஆனாலும் வளைந்து ஏறும் தோட்டப் பாதையில் அது வந்துசேரும்வரை மூச்சு கொடுக்க வேண்டியவர் பக்கத்து நிரையில் நிற்கும் பெண்தான். அவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் மலைக்கு ஏற்ற மருத்துவம்.

மூன்றாவது மறுப்பு எண்களைக் கொண்டு வரும். மின்னல் பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்றால், ஏன் இத்தனை கவலை? மண்சரிவில் இதைவிட அதிகம் பேர் சாகவில்லையா? பத்தில் ஒன்பது என்ற கணக்கு, ஆட்களும் அம்புலன்சும் அருகில் இருக்கும் அமெரிக்கச் சூழலிலிருந்து வருவது. மூச்சு கொடுக்கத் தெரிந்தவர் இல்லாத மலைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. பிழைத்தவர் நிலையும் முழுச் சுகம் அல்ல. செவிப்பறை கிழிதல், கண்ணில் புரை, ஆறாத நரம்புவலி, மறதி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று பலரை ஆண்டுக்கணக்கில் அது தொடர்கிறது. வெளியில் தழும்பில்லாததால் நடிக்கிறார் என்ற பழியும் சேர்கிறது. விரல்நுனியின் வேகத்தில் கிலோ கணக்குக் காட்டி வாழும் ஒருவருக்கு மரத்துப்போன விரல் என்பது பேர் விழாத நாட்கள். அவர் எந்த மரணப் பதிவேட்டிலும் இல்லை. எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் எளிதில் ஏறுவதில்லை. மண்சரிவைப் பொறுத்தவரை, அதோடு மின்னலைப் போட்டிக்கு நிறுத்துவது தவறு. சரிவின் விளிம்பில் கட்டிய அதே லயம்தான் இரண்டுக்கும் இலக்கு. அந்த வீட்டை மாற்றும் செலவு இரண்டு சாவையும் குறைக்கும்.

செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் ஏழை நாடுகளிலிருந்தே கிடைக்கின்றன. உகண்டாவின் ருன்யான்யா தொடக்கப்பள்ளியில் 2011 ஜூனில் ஒரே மின்னலில் பதினெட்டு மாணவர் இறந்தார்கள். அமெரிக்க மருத்துவர் மேரி ஆன் கூப்பர் முன்னின்று தொடங்கிய ஆபிரிக்க மின்னல் ஆய்வு வலையமைப்பு பின்னர் அங்குள்ள பள்ளிகளுக்கு இடிதாங்கி பொருத்தத் தொடங்கியது. ஒடிசா மாநிலம் 2015இல் மின்னலைத் தன் பேரிடர் பட்டியலில் சேர்த்தது. இத்துறையில் உலகம் மதிக்கும் பெயர்களில் இரண்டு இலங்கையரின் பெயர்கள்: உப்சாலா பல்கலைக்கழகத்தின் வேர்ணன் குரே, வறிய நாடுகளின் வீடுகளுக்கு மலிவான மின்னல் காப்பு பற்றி எழுதிவந்த சந்திம கோமஸ். அறிவு நம் வாசலில் இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் இடிப்பருவத்தில் எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் கைத்தொலைபேசியில் வாங்கி ஸ்டோரின் சங்கால் மலைக்குச் சொல்வது பெரிய வேலையல்ல. கொழுந்து நிறுக்கும் மடுவங்கள் இன்று நான்கு புறமும் திறந்த கூரைகள். மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவா. அவற்றின் கூரைக்கும் தரைக்கும் முறையாகக் கம்பி இணைத்தால் ஒவ்வொரு மலைக்கும் ஒரு காப்பிடம் கிடைக்கும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் உட்பட, மலையகத்தில் லயத்துக்குப் பதிலாக எழும் ஒவ்வொரு தனிவீட்டுக்கும் எர்த் இணைப்பும் கூரைக் கம்பியும் திட்ட வரைபடத்திலேயே சேர வேண்டும். கட்டி முடித்த பின் சேர்ப்பது செலவு கூடிய வேலை.

எல்கடுவ இதைத் தொடங்குவதற்குப் பொருத்தமான இடம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிந்தபோது உருவானவற்றுள் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி இன்றும் அரசின் கையில் இருப்பது. தனியார் லாபக் கணக்கைக் காரணம் காட்டித் தள்ளிப்போட இங்கே இடமில்லை. வேலைநேரத்தை நகர்த்துவதற்கும், இடிக்கு இறங்கியவருக்கு முழுப்பேர் போடுவதற்கும், மடுவத்துக்குக் கம்பி இணைப்பதற்கும், நிரைக்கு இரண்டு பேருக்கு மூச்சு கொடுக்கப் பழக்குவதற்கும் அரசு தன் சொந்தத் தோட்டத்திலேயே முன்மாதிரி காட்டலாம். பிற கம்பனிகளிடம் அதன் பிறகு கேட்கலாம். கோப்பிக்கும் தேயிலைக்கும் ஏற்ப நாட்காட்டியை மாற்றத் தெரிந்த தோட்டத்துக்கு, மனித உயிருக்கு ஏற்ப அதை மாற்றத் தெரியாமல் போகாது. மின்னல் யாராலும் தடுக்க முடியாதது. அதனால் சாவதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுக்கக்கூடிய சாவை விதி என்று சொல்லிக் கடந்துபோகும் உரிமை, அந்த மலையின் கொழுந்தால் வாழ்ந்த யாருக்கும் இல்லை.